நுளம்புக் காய்ச்சலும் இரத்தச் சாட்சியமும்



காய்ச்சல் கண்ட ஒருவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றால், இக்காலத்தில் முதற்கண் நிகழ்வது அவர் கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கப்படுவதே. சில மணி நேரத்தின் பின் ஒரு துண்டுக் கடதாசி நம் கைக்கு வருகின்றது. இன்ன நோய்க்குரிய பிறபொருளெதிரி உண்டு என்றோ, இல்லை என்றோ அதில் எழுதப்பட்டிருக்கும். 'உண்டு' எனின் அஞ்சுகின்றோம். 'இல்லை' எனின் ஆறுதல் அடைகின்றோம். அந்த அச்சமும் ஆறுதலும் எத்துணை நியாயமானவை? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அச்சிறு கடதாசிக்குப் பின்னால் உள்ள ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றை அறிதல் வேண்டும். யான் மருத்துவனல்லேன், வரலாறு கற்றுப் பிறர்க்குக் கற்பிப்பவன். ஆயினும், சாட்சியங்களை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பதே வரலாற்று மாணவனின் முதற்பாடமாதலின், இப்பொருள் எனக்கு அந்நியமானதன்று.

பிறபொருளெதிரி என்பது யாது? நோய்க்கிருமி ஒன்று உடலினுட் புகுந்தால், உடல் அதனை எதிர்ப்பதற்கு ஒரு வகைப் புரதத்தை ஆக்குகின்றது. அந்தக் கிருமிக்கெனவே வார்த்தெடுத்த ஆயுதம் அது. நோய் நீங்கிய பின்னரும் அது இரத்தத்தில் நெடுங்காலம் தங்கியிருக்கும். பாடசாலையிற் கற்ற மாணவன் வெளியேறிப் பல்லாண்டு சென்றாலும் அவன் பெயர் வரவு இடாப்பில் இருப்பது போல, வந்து போன கிருமியின் அடையாளம் இரத்தத்தில் இருக்கின்றது. நோயாளி மறந்தாலும் அவர் இரத்தம் மறவாது. நுளம்பினாற் பரவும் வைரசு நோய்களில் இவ்விடாப்பை முதன்முதல் முறையாகப் படிக்கக் கற்றுத் தந்தது மஞ்சட் காய்ச்சல் ஆகும்.

மஞ்சட் காய்ச்சல் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் பன்னூறாயிரம் மக்களைக் கொன்ற நோய். அது நுளம்பினாற் பரவுவது என்று கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே 1881ஆம் ஆண்டிலேயே கூறினார். அவர் கூற்றை உலகம் இருபதாண்டு பொருட்படுத்தவில்லை. 1900ஆம் ஆண்டில் வோல்ட்டர் றீட் தலைமையிற் கியூபாவிற் பணிபுரிந்த அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு அதனை மெய்ப்பித்தது. அக்குழுவினருள் ஒருவராகிய ஜெசி லசியர் அந்நோயாலேயே அவ்வாண்டு உயிர்துறந்தார். மறு ஆண்டில், பற்றீரியாக்களைத் தடுக்கும் நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லக்கூடிய ஏதோ ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்பதும் புலனாயிற்று. ஆயினும் அந்த 'ஏதோ ஒன்றை' நுணுக்குக்காட்டியில் எவராலும் காண முடியவில்லை.

காண முடியாத பகைவனை அடையாளம் காட்டுவது எங்ஙனம்? கண்கள் மஞ்சளாதல், காய்ச்சல், இரத்த வாந்தி ஆகிய குறிகள் வேறு நோய்களுக்கும் உண்டு. எலியின் சிறுநீரால் அசுத்தமான நீரிலிருந்து தொற்றும் வீல் நோய் அவற்றுள் ஒன்று. நம் வயல் வேலையாளர் இன்று எலிக்காய்ச்சல் என்று அஞ்சுவது அதனையே. இவ்வொற்றுமையினால் ஒரு பெரும் பிழை நேர்ந்தது.

ஹிடேயோ நொகுச்சி என்பவர் யப்பானில் ஏழைக் குடும்பத்திற் பிறந்து, நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் பெரும் புகழ் ஈட்டிய அறிஞர். அவர் 1918ஆம் ஆண்டில் ஈக்குவடோர் நாட்டின் குவாயகில் துறைமுகத்துக்குச் சென்று, மஞ்சட் காய்ச்சல் நோயாளர் எனக் கருதப்பட்டோரின் இரத்தத்தை ஆராய்ந்தார். சுருள் வடிவமுள்ள ஒரு கிருமியைக் கண்டார். அதுவே மஞ்சட் காய்ச்சலுக்குக் காரணம் என 1919இல் அறிவித்தார். நோயிலிருந்து தேறியவர்களின் இரத்தம் அக்கிருமியை எதிர்த்தது என்பதையும் அவர் தம் கூற்றுக்குச் சான்றாகக் காட்டினார். அதை நம்பித் தடுப்பு மருந்துகள் ஆக்கப்பட்டன; பல நாடுகளிற் பல்லாயிரவர்க்கு ஏற்றப்பட்டன.

அவர் பொய் கூறவில்லை. அந்த இரத்தமும் பொய் கூறவில்லை. ஆனால் அவர் ஆராய்ந்த நோயாளருட் சிலர் மஞ்சட் காய்ச்சல் கண்டவரல்லர். வீல் நோய் கண்டவர்கள் என்றே பிற்கால அறிஞர் கருதுகின்றனர். தென்னாபிரிக்காவிற் பிறந்து ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த மக்ஸ் தைலர் என்னும் இளைஞரும் அவருடைய தலைவர் செலார்ட்ஸும் நொகுச்சியின் கிருமியையும் வீல் நோய்க் கிருமியையும் பிறபொருளெதிரிகளைக் கொண்டே ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என 1920களின் நடுப்பகுதியில் நிறுவினர். இரத்தத்தைச் சாட்சியாக அழைத்து நேர்ந்த பிழையை அதே இரத்தச் சாட்சியம் திருத்தியது. சாட்சி உண்மை சொன்னாலும், யாரைப் பற்றிச் சொல்கின்றான் என்பதை நாம் பிறழ உணர்ந்தால் தீர்ப்புப் பிழைபடும் என்பதே இந்நிகழ்ச்சியின் படிப்பினை.

உண்மையான காரணி 1927இல் மேற்காபிரிக்காவில் அகப்பட்டது. றொக்பெல்லர் நிதியத்தின் குழுவொன்று இன்றைய நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு அண்மையிலுள்ள யாபாவில் ஆய்வுகூடம் அமைத்திருந்தது. அக்காலத்திற் பொற்கரை எனப்பட்ட இன்றைய கானா நாட்டிலே, அசிபி என்னும் 28 வயது இளைஞனுக்கு இலேசான மஞ்சட் காய்ச்சல் கண்டது. 1927 ஜூன் 30ஆந் திகதி அவனிடமிருந்து எடுத்த சிறிதளவு இரத்தம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு ரீசஸ் குரங்குக்கு ஏற்றப்பட்டது. குரங்கு நோயுற்று இறந்தது. அசிபியோ தேறி எழுந்தான். ஆபிரிக்கக் குரங்குகள் இந்நோயைத் தாங்கிப் பழகியவை. ஆசியக் குரங்கு அதனை ஒருநாளும் அறியாதது. ஆதலால் அது எளிதில் இரையாயிற்று. பல்லாண்டு தேடிய ஆய்வு விலங்கு இவ்வாறு கிடைத்தது. பின்னர் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் காத்த தடுப்பு மருந்துக்குரிய வைரசும் அந்த இளைஞனின் இரத்தத்திலிருந்து வழிவழியாக வந்ததே.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. குழுவின் அறிஞர் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அவ்வாண்டு செப்டெம்பரில் மஞ்சட் காய்ச்சலால் இறந்தார். தம் கூற்றைச் சோதித்துப் பார்க்க ஆபிரிக்கா வந்த நொகுச்சி 1928 மே 21ஆந் திகதி அக்ராவில் அதே நோயால் மாண்டார். அவருக்குத் துணைநின்ற வைத்தியர் வில்லியம் யங் சில நாட்களின் பின் மாண்டார்.

ஸ்டோக்ஸும் அவர்தம் தோழரும் வேறோர் உண்மையையும் கண்டனர். நோயிலிருந்து தேறிய ஒருவரின் இரத்தத்தை உறையவிட்டு, அதில் மேலெழும் தெளிநீரை எடுத்துக் குரங்குக்கு ஏற்றிவிட்டால், பின்பு வைரசை ஏற்றினாலும் அக்குரங்கு இறப்பதில்லை. ஆகவே, ஒருவர் இந்நோயை முன்பு கண்டவரா என்பதை அறிய ஒரு வழி பிறந்தது. ஆனால் ஒவ்வொரு மனிதருக்கும் குரங்குகளைப் பலியிட எந்த நாட்டின் பணமும் போதாது.

வழி காட்டியவர் மீண்டும் தைலரே. சாதாரண வெள்ளைச் சுண்டெலியின் மூளையில் இவ்வைரசு வளரும் என்று அவர் 1930இல் வெளியிட்டார். ஆய்வின்போது அவரையும் மஞ்சட் காய்ச்சல் தொற்றியது. நல்வாய்ப்பாக அவர் பிழைத்தார். 1931இல் சோயர், லொயிட் என்னும் இருவர் அச்சுண்டெலியை ஒரு நுட்பமான நிறைகோலாக்கினர். மனிதரின் தெளிநீரையும் வைரசையும் சேர்த்து எலியின் வயிற்றறையிற் புகுத்துவர். அதே வேளையில் எலியின் மூளையிற் சிறிது மாக்கரைசலை ஏற்றி இலேசான புண்ணை உண்டாக்குவர். வைரசு அங்கு சென்று தங்குவதற்கு அது வாயிலாகும். தெளிநீரிற் பிறபொருளெதிரி இருப்பின் எலி பிழைக்கும். இல்லையேல் மூளை அழற்சியால் இறக்கும். எலியின் உயிரே 'உண்டு', 'இல்லை' என்னும் விடையாயிற்று.

மலிவான இக்கருவி கிடைத்ததும் வரலாறு காணாத ஒரு கணக்கெடுப்புத் தொடங்கிற்று. ஆபிரிக்கா, தென்னமெரிக்கா முதலிய கண்டங்களில் ஊர் ஊராக மக்களின் இரத்தம் சேகரிக்கப்பட்டது. நோய் கண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலான முதியோரின் இரத்தமும் அதனை மறந்திலது எனக் கண்டனர். இதனால் இரத்தம் ஓர் ஆண்டுக் குறிப்பேடு போலாயிற்று. ஓர் ஊரில் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் மாத்திரம் பிறபொருளெதிரி காணப்பட்டு, இளையோரிடம் காணப்படாவிடின், முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்நோய் அவ்வூருக்கு வந்து போயிற்று என்பது பெறப்படும். ஐந்து வயதுக் குழந்தையிடம் காணப்படின், நோய் அண்மையில் அங்கே இருந்திருக்கின்றது என்பது தெளிவு. கல்வெட்டும் ஓலையும் இல்லாத ஊர்களின் நோய் வரலாறு அவ்வூர் மக்களின் நரம்புகளிலிருந்து படிக்கப்பட்டது.

அக்கணக்கெடுப்பு, மஞ்சட் காய்ச்சல் துறைமுகப் பட்டினங்களின் நோய் என்ற பழங்கொள்கையைத் தகர்த்தது. தென்னமெரிக்காவின் உட்காடுகளில், நோய் கண்டதாக எவரும் அறியாத இடங்களிலும், மக்களின் இரத்தம் சான்று கூறிற்று. 1932இல் பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாந்தோ மாநிலத்தில், வீட்டு நுளம்பாகிய ஈடிஸ் எஜிப்தி இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் மஞ்சட் காய்ச்சல் பரவுவதைப் பிரெட் சோப்பரின் குழுவினர் நேரிற் கண்டனர். காட்டுக் குரங்குகளிடையே காட்டு நுளம்புகள் அந்நோயைக் காத்து வருகின்றன என்பது பின்னர் புலனாயிற்று.

ஆபிரிக்காவில் இச்சான்று ஓர் எச்சரிக்கையாகவும் அமைந்தது. 1930களில் சூடான் நாட்டு மக்களின் இரத்தத்தில் மஞ்சட் காய்ச்சலின் அடையாளம் காணப்பட்டது. நோயாளரைக் காணாத இடத்தில் நோய் உண்டென ஏற்கப் பலர் தயங்கினர். 1940இல் அந்நாட்டு நூபா மலைப் பகுதியிற் பெருங் கொள்ளைநோய் வெடித்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரத்தம் முன்னரே சொல்லியிருந்தது, கேட்டவர் குறைவு. இன்றும் அந்நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் ஆசிய விமான நிலையங்களிற் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படுவது அக்கணக்கெடுப்புகள் வரைந்த எல்லைகளின் தொடர்ச்சியே. தடுப்பு மருந்தை 1937இல் உருவாக்கிய தைலருக்கு 1951இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனிச் சிக்கல் தொடங்குகின்றது. மஞ்சட் காய்ச்சலைத் தேடி அமைக்கப்பட்ட ஆய்வுகூடங்கள், தேடாத வைரசுகளையும் கண்டெடுத்தன. உகண்டாவின் சிக்கா காட்டில், மரத்தின் மேற் கூட்டில் வைக்கப்பட்ட ரீசஸ் குரங்கொன்றிலிருந்து 1947இல் ஒரு புதிய வைரசு கிடைத்தது. அக்காட்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. டெங்கு வைரசை 1943இல் நாகசாகியில் கிமுரா, ஹொட்டா என்போரும், 1944இல் அமெரிக்கரான ஆல்பேட் சேபினும் பிரித்தெடுத்தனர். தன்சானியாவின் மகொண்டே மேட்டுநிலத்தில் 1952இல் எழுந்த கொள்ளைநோயிலிருந்து சிக்குன்குனியா அறியப்பட்டது. மூட்டு வலியாற் குனிந்து வளைந்துபோதலைக் குறிக்கும் மகொண்டே மொழிச் சொல் அது.

இவற்றை எல்லாம் ஒழுங்குபடுத்தியவர் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவிற் பிறந்த ஜோர்டி கசல்ஸ். சில வைரசுகள் பறவையின் செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். பிறபொருளெதிரி இருப்பின் அவ்வொட்டுதல் தடைப்படும். இதனை அடிப்படையாகக் கொண்ட பரிசோதனையை அவரும் பிரவுண் என்பவரும் 1954இல் இத்தகைய வைரசுகளுக்குப் பொருத்தி வெளியிட்டனர். எலியின் உயிருக்குப் பதிலாகக் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியிற் படியும் செந்நிறப் புள்ளி விடை கூறிற்று. அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது: வைரசுகளுக்கும் குடும்பம் உண்டு. மஞ்சட் காய்ச்சல், டெங்கு, சிக்கா, யப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவை ஒரு குடும்பம். சிக்குன்குனியா வேறொரு குடும்பம். ஒரு குடும்பத்தில் ஒருவனுக்கு எதிராக எழுந்த பிறபொருளெதிரி அவன் சகோதரனைக் கண்டாலும் ஓரளவு கிளர்ந்தெழும். அண்ணனுக்கும் தம்பிக்கும் முகச்சாயல் ஒத்திருக்க, சாட்சி மயங்குவது போன்றது இது.

இம்மயக்கத்தின் நன்மையையும் தீமையையும் நம் நாட்டு வரலாற்றிலேயே காணலாம். இலங்கையில் டெங்கு உண்டு என்பது 1962இல் பிறபொருளெதிரிப் பரிசோதனையாலேயே உறுதிப்பட்டது. 1960களின் நடுப்பகுதியிற் சிக்குன்குனியாவும் டெங்குவும் இங்கு ஒருங்கே காணப்பட்டன. இரண்டும் ஒரே நுளம்பினாற் பரவுவன. தொடக்கத்தில் இரண்டின் குறிகளும் ஒன்றே. ஆயினும் அவை இரு வேறு குடும்பத்தினவாதலால், இரத்தப் பரிசோதனை அவற்றைப் பிரித்துக் காட்ட வல்லதாயிற்று. ஒரே குடும்பத்தவை ஒரே நாட்டில் உலவும்போதோ நிலைமை வேறு. 2015, 2016ஆம் ஆண்டுகளிற் பிரேசிலிற் சிக்கா பரவி, கருவுற்ற தாய்மாரின் சிசுக்கள் சிறுத்த தலையுடன் பிறந்தபோது, ஒவ்வொரு தாயும் கேட்ட கேள்வி ஒன்றே: எனக்குச் சிக்கா வந்ததா? முன்பு டெங்கு கண்ட தாய்மாரின் இரத்தம் இரண்டுக்கும் 'உண்டு' என்றே பல வேளைகளில் விடை கூறிற்று. அத்துணை முன்னேறிய காலத்திலும் அத்தாய்மாருக்குத் தெளிவான மறுமொழி கொடுக்க இயலவில்லை.

டெங்கு விடயத்தில் இன்னுமொரு வியப்பு உண்டு. டெங்கு வைரசு நான்கு வகைப்படும். முதன்முறை ஒரு வகையால் நோயுற்றவர் பிறிதொரு வகையால் மறுமுறை நோயுறும்போது, நோய் கடுமையாகக் கூடும் என்பதை 1960களில் பாங்கொக் நகரில் ஸ்கொட் ஹால்ஸ்டெட் முதலியோர் சிறுவரின் பிறபொருளெதிரிகளை ஆராய்ந்து எடுத்துரைத்தனர். பழைய பிறபொருளெதிரி புதிய வகையை முற்றாக அழிக்காது, அது கலங்களினுள் எளிதிற் புகுவதற்குத் துணைபோகின்றது என்பது அவர்கள் தந்த விளக்கம். காவலனே கதவைத் திறந்துவிடும் நிலை இது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2016 முதல் 800,000க்கு மேற்பட்ட சிறுவர்க்கு டெங்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. முன்பு டெங்கு காணாத சிறுவர்க்கு அத்தடுப்பூசி, பின்னர் வரும் நோயைக் கடுமையாக்கக்கூடும் என 2017 நவம்பரில் வெளிப்பட்டதும் திட்டம் நிறுத்தப்பட்டது. அத்தடுப்பூசியை ஏற்றுமுன் பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்து, டெங்கு முன்பு கண்டவர்க்கே ஏற்றுவதே சிறந்த வழி என உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்திற்று.

இன்று நம் ஆய்வுகூடங்களில் நடைபெறுவது, 1971இல் ஸ்டொக்ஹோமில் எங்வால், பேர்ல்மன் என்போர் வகுத்த நொதியப் பரிசோதனையின் வழிவந்தது. பிறபொருளெதிரி இருப்பின் கிண்ணத்தில் நிறம் தோன்றும். அதனால் இரு வகைப் பிறபொருளெதிரிகளையும் வேறு பிரித்தறியலாம். ஐ.ஜி.எம். என்பது புதிய நோயின் முதற்படை; ஏறத்தாழ நான்காம் ஐந்தாம் நாள் முதல் தென்பட்டு, சில மாதங்களில் மறைவது. ஐ.ஜி.ஜி. என்பது நெடுங்காலம் தங்குவது. எனவே முதலாவது 'அண்மையில் வந்தது' என்றும், பிந்தியது 'என்றோ வந்தது' என்றும் பொதுவாகக் கூறும். நோயின் முதல் நாட்களில் இரண்டும் வாய்திறவாமல் இருத்தல் இயல்பு. அந்நாட்களில் வைரசின் பகுதியையே நேரிற் காட்டும் வேறு பரிசோதனைகள் உண்டு.

'வாய்திறவாமை' என்பதன் பொருளை யான் நேரிற் கற்றதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலையிற் பத்தாந் தரத்திற் கற்ற மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாளே ஓரிடத்திற் பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்வித்தனர். 'இல்லை' என்று கடதாசி வந்தது. "டெங்கு இல்லையாம் சேர், கடவுள் காப்பாற்றினார்" என்று தந்தையார் என்னிடம் தொலைபேசியிற் சொன்னார். யானும் மகிழ்ந்தேன், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்டிலேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது. வீட்டார் சுகமாயிற்று என்றே கருதினர். டெங்குவிற் காய்ச்சல் தணியும் வேளையே பேராபத்து நேரும் வேளை என்பதை யாங்கள் எவரும் நினைந்திலோம். அன்று மாலை கைகால் குளிர்ந்து, நாடி தளர்ந்த நிலையில் அவன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அங்கு எடுத்த இரத்தம் 'உண்டு' என்றது. வைத்தியரும் தாதியரும் இரு நாட்கள் கண்ணுறங்காது காத்தனர், அவன் பிழைத்தான். முதற்பரிசோதனை பிழையானதன்று. கேள்வி கேட்ட நாளே பிழை. அதனைக் கேட்டறியாத குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

2017ஆம் ஆண்டில் மாத்திரம் நம் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவாயினர். அத்தனை வீடுகளிலும் இத்தகைய ஒரு கடதாசியை எவரோ கையில் ஏந்தி நின்றிருப்பர். அதனை வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள் இந்த இரத்தம் எடுக்கப்பட்டது? இது புதிய அடையாளமா, பழைய அடையாளமா? இதே குடும்பத்து வேறொரு நோயோ தடுப்பூசியோ முன்பு இவ்வுடலிற் புகுந்ததுண்டா? இவற்றுக்கு விடை கூறி நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டியவர் வைத்தியரே. கடதாசி தானாகத் தீர்ப்புக் கூறுவதில்லை. 'இல்லை' என்று எழுதியிருந்தாலும் நோயாளியைக் கண்காணிப்பதை ஒரு நாளும் கைவிடலாகாது.

நொகுச்சி போன்ற பேரறிஞர் இக்கேள்விகளுள் ஒன்றைத் தவறவிட்டுத் தம் உயிரையே கொடுத்தார். அசிபி என்னும் எளிய இளைஞனின் இரத்தமோ, உரியவாறு கேட்கப்பட்டபோது உலகுக்கு உண்மை கூறிற்று. அம்மாணவன் இன்று உயர்தர வகுப்பில் வரலாறு கற்கின்றான். வகுப்பறையிற் சான்றாதாரங்களைப் பற்றி யான் பேசும் வேளைகளில் அவன் முகத்தைக் காணுந்தோறும், அன்று கேளாமல் விட்ட அக்கேள்வி என் நினைவுக்கு வருகின்றது.